வருங்காலப் பொருள்களும் வகுப்பறைத் தமிழும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து செல்லும் மாணவன், பொருளறிவியல் என்னும் துறையின் பெரும்பகுதியைக் கண்ணால் கண்டுவிடுகிறான். நகைக்கடையில் பொன், பாத்திரக் கடையில் பித்தளையும் எவர்சில்வரும், துணிக்கடையில் பட்டும் செயற்கை இழையும், தேக்கா சந்தையில் வாழையிலையும் பிளாஸ்டிக் பையும். தலைக்குமேல் கற்காரையும் கண்ணாடியும் எழுந்து நிற்கின்றன. கையிலுள்ள தொலைபேசிக்குள் சிலிக்கன் சில்லு இருக்கிறது. ஆயினும் இவற்றையெல்லாம் அவன் கடைச்சரக்காகக் காண்கிறானேயன்றி, அறிவியலாகக் காண்பதில்லை. காணுமாறு அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதே அதற்குக் காரணம்.

அண்மைக் காலத்தில் ‘வருங்காலப் பொருள்கள்’ என்னும் தலைப்பு தமிழ் வகுப்புகளிலும் புகுந்துள்ளது. கருத்தறிதல் பகுதிகளாகவும், பேச்சுப் போட்டித் தலைப்புகளாகவும், கட்டுரைப் பொருளாகவும் அது வழங்குகிறது. இது வரவேற்கத்தக்கதே. தமிழ் பழமையை மட்டும் பேசும் மொழி என்று மாணவர் எண்ணிவிடாதிருக்க இத்தகைய பாடங்கள் துணை செய்யும். ஆனால் அப்பாடங்கள் எவ்வாறு எழுதப்படுகின்றன, எவ்வாறு நடத்தப்படுகின்றன என்று ஆராயும்போது சில குறைகள் புலப்படுகின்றன. அவற்றை எடுத்துக் காட்டுவதும், மாற்று வழி ஒன்றைச் சிங்கப்பூரின் வரலாற்றிலிருந்தே காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வியப்பு மட்டும் போதுமா?

முதற்குறை, பாடம் வியப்போடு நின்றுவிடுவது. எடுத்துக்காட்டாகக் கிராஃபீன் என்னும் பொருளைக் கொள்ளலாம். கரிம அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோண வடிவில் இணைந்து, ஓரணுத் தடிமனே உள்ள தாளாக விரிந்திருப்பது கிராஃபீன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகிய இருவரும் கரியத்தின்மீது ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, மீண்டும் மீண்டும் உரித்து, இத்தாளைப் பிரித்தெடுத்தனர். அச்செய்தி 2004-இல் வெளியாயிற்று. 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கிராஃபீன் ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. நோவோசெலோவும் 2019-இல் அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆகவே சிங்கப்பூர் மாணவனுக்கு இஃது எங்கோ நடந்த கதை அன்று; தன் ஊர்க் கதை.

ஆனால் பாடத்தில் எஞ்சி நிற்பது என்ன? ‘எஃகைவிட 200 மடங்கு வலிமையானது’ என்னும் ஒரு தொடர். அதனோடு ஒரு படம்: சமையலறைப் பிளாஸ்டிக் தாள் அளவு தடிமனுள்ள கிராஃபீனைத் துளைக்க வேண்டுமானால், ஒரு யானை பென்சிலின்மேல் நிற்க வேண்டும் என்பது. மாணவன் வியக்கிறான். வியந்தபின் வினாவுக்கு விடை எழுதுகிறான். பாடம் முடிந்தது.

இவ்வுவமையைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். 2008-இல் அளக்கப்பட்டது, கண்ணுக்குத் தெரியாத அளவில், குறையே இல்லாத ஒற்றைத் தாளின் வலிமை. சமையலறைத் தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு என்று கொண்டால், அத்தடிமனுக்குக் கிராஃபீன் தாள்கள் ஏறக்குறைய 30,000 அடுக்கப்பட வேண்டும். அவ்வாறு அடுக்கினால் கிடைப்பது கரியம். அதாவது பென்சிலின் உள்ளே இருக்கும் பொருள். அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால்தான் பென்சில் எழுதுகிறது. குறையற்ற 30,000 தாள்கள் ஒருங்கே நின்று யானையைத் தாங்கும் பொருளை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. சிறு தாளில் அளந்த எண்ணைப் பெருக்கிக் காட்டிய கற்பனையே அப்படம். மேலும், 2014-இல் வெளிவந்த ஓர் அளவீடு, கிராஃபீனில் ஒரு சிறு விரிசல் இருந்துவிட்டால் அது எளிதில் பரவித் தாள் முறிந்துவிடும் என்று காட்டியது. வலிமையில் பெரிது, விரிசலைத் தடுப்பதில் சிறிது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் கூறும் பாடம் அரை உண்மையையே கூறுகிறது.

வியப்புக்கு வகுப்பில் இடமில்லை என்பது கருத்தன்று. யானையும் பென்சிலும் மாணவனை நிமிர்ந்து உட்காரச் செய்யும், அது நன்றே. நிமிர்ந்து உட்கார்ந்தவனிடம் அடுத்து என்ன கேட்பது என்பதே வினா.

கேட்க வேண்டிய நான்கு

பொருளறிவியலார் எப்பொருளை எடுத்தாலும் நான்கு கூறுகளை நோக்குவர். அதன் உள்ளமைப்பு யாது? அஃது எவ்வாறு ஆக்கப்படுகிறது? அதன் பண்புகள் யாவை? பயன்பாட்டில் அஃது எவ்வாறு ஒழுகுகிறது? இந்நான்கும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஆக்கும் முறை மாறினால் அமைப்பு மாறும். அமைப்பு மாறினால் பண்பு மாறும். பண்பு மாறினால் பயன் மாறும். வகுப்பறையில் இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: இதற்கு விலை கொடுப்பவர் யார்? காடா, கடலா, தொழிலாளியா?

பெரும்பாலான பாடங்கள் மூன்றாவது கூறாகிய பண்பை மட்டும் பட்டியலிட்டு நிறுத்திவிடுகின்றன. இலேசானது, வலிமையானது, வளையக்கூடியது என்று அடைமொழிகள் அடுக்கப்படுகின்றன. காரணம் கூறப்படுவதில்லை. காரணம் கூறாத அறிவியல் பாடம் விளம்பரத்துக்கு நெருங்கிய உறவாகிவிடுகிறது.

சிங்கப்பூர் ஈந்த ஒரு வருங்காலப் பொருள்

இந்நான்கையும் ஐந்தாவதையும் சேர்த்துக் கற்பிக்கச் சிங்கப்பூருக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. 1840-களில் உலகமே ‘வருங்காலப் பொருள்’ என்று போற்றிய ஒன்று சிங்கப்பூரிலிருந்துதான் புறப்பட்டது. அதுவே கட்டாப்பெர்ச்சா. ‘கெத்தா’ என்பது மரப்பாலுக்குரிய மலாய்ச் சொல். இந்நிலப்பகுதியின் காட்டு மரமொன்றின் பால் உறைந்து கிடைக்கும் பொருள் அது. வெந்நீரில் இட்டால் பிசைந்த மாவைப்போல் இளகும். விரும்பிய வடிவில் அமைக்கலாம். ஆறியபின் இறுகி அவ்வடிவத்தில் நிற்கும். மலாய் மக்கள் அதனைப் பாராங்கத்தியின் பிடி செய்யப் பயன்படுத்தி வந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதனைக் கண்டு ஆராய்ந்தார். 1843-இல் அவரும், சிங்கப்பூர் வணிகரும் மருத்துவருமாகிய ஹோசே டி அல்மெய்டாவும் அனுப்பிய மாதிரிகள் இலண்டனை அடைந்தன.

அக்காலத்தில் மின்தந்தி வளர்ந்துகொண்டிருந்தது. செப்புக் கம்பியைக் கடலுக்கடியில் இடவேண்டுமானால், உப்புநீர் உட்புகாமலும் மின்சாரம் வெளியே கசியாமலும் காக்கும் உறை வேண்டும். தகுந்த பொருள் இல்லாமையால் அம்முயற்சி தடைப்பட்டு நின்றது. 1847-இல் வெர்னர் சீமென்ஸ் கட்டாப்பெர்ச்சாவைக் கம்பியின்மேல் பொதியும் முறையை உருவாக்கினார். 1848-இல் மைக்கேல் ஃபாரடே அதன் மின்காப்புத் திறனைக் குறித்து எழுதினார். 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடிக் கம்பி இணைத்தது. 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த கம்பி நிலைபெற்றது. 1871-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வந்து சேர்ந்தது. கப்பலில் பல நாள் பயணம் செய்த செய்தி சிறு பொழுதில் கடல் கடந்தது. சென்னையையும் சிங்கப்பூரையும் முதன்முதல் மின்னால் இணைத்த கம்பிக்கு உறையானது இவ்வட்டாரக் காட்டின் பால் என்பதைத் தமிழ் மாணவன் அறிந்திருக்க வேண்டாவா?

இனி ஐந்தாவது வினா. அம்மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வழக்கம் இல்லை. மரத்தையே வெட்டி வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பாலை எடுத்தனர். ஒரு மரத்தில் கிடைத்தது சிறிதளவே. ஆயிரக்கணக்கான கல் நீளமுள்ள கம்பிகளுக்கு எத்தனை மரங்கள் வீழ்ந்திருக்கும் என்று மாணவனே கணக்கிட்டு உணரலாம். சில பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூர்க் காடுகளில் அம்மரம் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. சுற்றியுள்ள நாடுகளிலும் அருகியது. உலகை இணைத்த பொருள், தான் பிறந்த காட்டை இழந்தது. பின்னர் 1933-இல் கண்டறியப்பட்ட பொலித்தீன் அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டது. இன்றோ கடலடியில் செய்தியைச் சுமப்பது கண்ணாடி இழை. ஒரு காலத்தின் வருங்காலப் பொருள் மறுகாலத்தில் பழம்பொருளாகும் என்னும் உண்மைக்கு இதனினும் நல்ல சான்று வேறில்லை. கட்டாப்பெர்ச்சா முற்றிலும் மறைந்துவிடவில்லை. பல்வேரின் உட்குழியை அடைக்கப் பல்மருத்துவர் இன்றும் அதனையே பயன்படுத்துகின்றனர்.

பால் ஒன்று, பண்பு இரண்டு

கட்டாப்பெர்ச்சாவின் அருகில் ரப்பரை வைத்துக் கற்பிப்பதே அமைப்பு என்னும் முதல் வினாவுக்குச் சிறந்த வழி. மலாயாத் தமிழரின் வாழ்வோடு கலந்த மரம் ரப்பர். 1876-இல் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்கு விதைகள் சென்றன. 1877-இல் 22 இளங்கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். கட்டாப்பெர்ச்சாவுக்கு நேர்ந்த கதி ரப்பருக்கு நேராமல் போனதற்கு இதுவே காரணம். விடியுமுன் தோட்டத்துக்குச் சென்று, நிரை பிடித்து, பால்மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, ஒட்டுப்பாலையும் விடாமல் எடுத்து வந்த கைகள் பெரும்பாலும் தமிழருடையவை. அப்பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கி, புகையூட்டி உலர்த்துவது வரை அனைத்தும் பொருளறிவியலின் ‘ஆக்கும் முறை’ என்னும் அதிகாரத்தைச் சேர்ந்தவை. பாட்டியும் பாட்டனும் செய்த வேலையில் அறிவியல் இருந்தது என்று பேரப்பிள்ளை அறிவது சிறிய பேறன்று.

ரப்பரும் கட்டாப்பெர்ச்சாவும் வேதியியலின்படி ஒரே உறுப்புகளால் ஆனவை. ஐந்து கரிம அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரு சிறு கூறு, சங்கிலிக் கண்ணிபோல் ஆயிரக்கணக்கில் தொடர்ந்து வருவதே இரண்டும். வேறுபாடு எங்கே? ரப்பரில் ஒவ்வொரு கண்ணியின் இரு முனைகளும் ஒரே பக்கம் திரும்பியுள்ளன. ஆகவே சங்கிலி வளைந்து நெளிந்து கிடக்கிறது. கட்டாப்பெர்ச்சாவில் முனைகள் எதிரெதிர்ப் பக்கம் உள்ளன. ஆகவே சங்கிலி ஓரளவு நேராக நீள்கிறது. நேரான சுள்ளிகளைக் கட்டினால் விறகுக் கட்டு இறுகி நிற்கும். கோணல் சுள்ளிகளைக் கட்டினால் இடைவெளி விட்டு நெகிழும். அதுபோலவே கட்டாப்பெர்ச்சா இறுகுகிறது; ரப்பர் இழுபடுகிறது.

இதனைத் தமிழாசிரியர் தம் துறையிலிருந்தே விளக்கலாம். ‘தவம்’ என்னும் சொல்லிலும் ‘வதம்’ என்னும் சொல்லிலும் உள்ள எழுத்துகள் மூன்றும் அவையே. வரிசை மாறியது, பொருள் தலைகீழாயிற்று. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக அமைந்திருப்பதை அறியாத தமிழாசிரியர் இலர். அணுவை எழுத்தாகவும், அணுக்களின் அமைப்பைச் சொல்லாகவும், அதன் பண்பைச் சொற்பொருளாகவும் கொண்டு விளக்கினால், வேதியியல் படிக்காத மாணவனுக்கும் கருத்து விளங்கிவிடும். உவமை உவமையே என்பதையும் உடன் கூறிவிட வேண்டும். சொல்லுக்குப் பொருள் வழக்கால் அமைவது; அணுவின் அமைப்புக்குப் பண்பு இயற்கையால் அமைவது.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதனோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். தளர்ந்து கிடக்கும் சங்கிலிகளுக்கிடையே கந்தகம் பாலமிடுகிறது. தேக்காவின் பூக்கடையில் தனித்தனியாகக் கிடக்கும் பூச்சரங்களை இடையிடையே முடிச்சிட்டால், ஒன்றை இழுக்கும்போது மற்றவையும் உடன்வந்து மீண்டும் இடத்துக்குத் திரும்புமல்லவா? அத்தகையதே இதுவும். இம்முடிச்சு இல்லையேல் சாலையில் ஓடும் சக்கரம் இல்லை.

சொல் நழுவினால் பொருள் நழுவும்

இரண்டாவது குறை மொழியைப் பற்றியது. தமிழாசிரியர் நேரே பொறுப்பேற்க வேண்டியது. வலிமை, வன்மை, உறுதி, கடினம், திண்மை ஆகிய சொற்கள் இத்தகைய பாடங்களில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கப்படுகின்றன. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரலாகாது என்னும் கட்டுரை நடை விதியைப் பின்பற்றி, முதல் வரியில் ‘வலிமை’ என்றும், அடுத்த வரியில் ‘கடினம்’ என்றும் எழுதிவிடுகின்றனர். இலக்கியத்தில் இஃது அழகு. அறிவியலில் பிழை.

கண்ணாடியை ஆணியால் எளிதில் கீற முடியாது, அது வன்மை. ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கும். விரிசலைத் தடுக்கும் திறன் அதற்கு இல்லை. நைலான் கயிறு பெருஞ்சுமையைத் தாங்கும், அது வலிமை. ஆனால் விரலால் வளைக்கலாம். விறைப்பு அதற்கு இல்லை. கீறலைத் தாங்குவது வேறு, சுமையைத் தாங்குவது வேறு, வளையாமல் நிற்பது வேறு, விரிசல் பரவாமல் காப்பது வேறு. இந்நான்கையும் பிரித்தறியாதவன் கிராஃபீனைப் பற்றி எழுதும் கட்டுரை எத்துணை அழகாக இருப்பினும் பொருளற்றதே. ‘கடினம்’ என்னும் சொல்லைத் தேர்வுக்கும், பாறைக்கும், வாழ்க்கைக்கும் ஒருங்கே வழங்கிப் பழகிய மாணவனுக்கு இவ்வேறுபாட்டைத் தமிழிலேயே உணர்த்துவது மொழிப்பாடத்தின் கடமையாகும்.

கலைச்சொற்களில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. தமிழ்நாட்டு நூல்களில் ‘பலபடி’ எனப்படுவது இலங்கை நூல்களில் ‘பல்பகுதியம்’ ஆகிறது. அங்கே ‘உலோகக் கலவை’, இங்கே ‘கலப்புலோகம்’. ஒரு நாட்டில் ‘ஆக்ஸிஜன்’. மற்றொரு நாட்டில் ‘ஒட்சிசன்’. தமிழ்நாட்டார் ‘எஃகு’ என்பதை இலங்கையர் ‘உருக்கு’ என்பர். இரு நாட்டு நூல்களையும் எடுத்தாளும் சிங்கப்பூர் ஆசிரியர், ஒரே பாடத்தில் இருவகைச் சொற்களையும் கலந்துவிடுவது எளிது. எது சிறந்தது என்று வழக்காடுவதினும், ஒரு பாடத்துக்குள் ஒரே சொல்லை ஆளுவதும், மற்றது உண்டென்பதை ஒருமுறை கூறிவிடுவதுமே தக்கது. ‘கலவை’ என்பதைவிடக் ‘கலப்புலோகம்’ பொருத்தமா என்று மாணவரையே ஆராயச் செய்தால், அதுவே சிறந்த மொழிப்பாடமாகும். மணலும் சர்க்கரையும் கலந்தது கலவை. பொன்னும் செம்பும் உருகி ஒன்றானது அத்தகையதா என்று கேட்டால் போதும்.

பெருமையும் பிழையும்

மூன்றாவது குறை, பெருமை பேசும் ஆர்வத்தில் உண்மையைத் தாண்டிவிடுவது. தென்னாட்டு எஃகின் கதை மெய்யாகவே பெருமைக்குரியது. இரும்பையும் கரியையும் மூசையில் அடைத்து உருக்கி எடுத்த எஃகு ‘வூட்ஸ்’ என்னும் பெயரால் ஐரோப்பியரிடையே வழங்கியது. ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லோடும் ‘உருக்கு’ என்னும் தமிழ்ச் சொல்லோடும் அப்பெயரை அறிஞர் தொடர்புபடுத்துவர். ஃபாரடே 1819-இல் அதனை ஆராய்ந்தார். அதன் சிறப்புக்கு வேற்றுப் பொருள்களின் சேர்க்கையே காரணம் என்று அவர் கருதினார், அக்கருத்து தவறு. கரிமம் மிகுந்திருப்பதும், குளிரும் முறையில் அது உள்ளே பரவி நிற்பதுமே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பேரறிஞரும் பிழைபடுவர், பின்வந்தோர் திருத்துவர் என்னும் இச்செய்தி மாணவனுக்கு மிகவும் பயன்படும்.

2006-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அறிஞர், 17-ஆம் நூற்றாண்டின் டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரிம நுண்குழாய்களைக் கண்டதாக அறிவித்தனர். அத்தகைய வாள்கள் வூட்ஸ் எஃகால் செய்யப்பட்டவை எனப்படும். உடனே ‘முன்னோர் நானோ அறிவியலை அறிந்திருந்தனர்’ என்று எழுதத் தலைப்பட்டோர் பலர். இது முன்னோருக்குப் புகழ் சேர்ப்பதன்று. கொல்லர் அறிந்தது நெருப்பின் நிறம், மூசையின் மண், ஆறவிடும் பொழுது, அடிக்கும் கைப்பக்குவம். அணுவைக் காணாமலே அணுவின் அமைப்பை விரும்பியவாறு வரச்செய்த கைத்திறன் அது. அவர்கள் அறிந்ததை அறிந்ததாகக் கூறுவதே மரியாதை. அறியாததை அறிந்ததாகக் கூறினால், உண்மையில் அறிந்ததும் ஐயத்துக்கு உள்ளாகிவிடும்.

கடைத்தெருவே ஆய்வுக்கூடம்

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே அரிது. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் 3, 4-ஆம் வகுப்புகளின் அறிவியல் பாடத்தில் பொருள்களின் பண்புகள் இடம்பெறுகின்றன: வலிமை, வளையும் தன்மை, நீர் புகாமை, ஒளி ஊடுருவும் தன்மை, மிதத்தலும் மூழ்கலும். அவை ஆங்கிலத்தில் கற்கப்படுபவை. அவற்றின்மேல் கட்டுவதே தமிழ்ப் பாடத்தின் வழியாக இருக்கலாம்.

நகைக்கடையில் ‘916’ என்னும் முத்திரையை மாணவன் காண்கிறான். 1,000 பங்கில் 916 பங்கு பொன் என்பதே அதன் பொருள். 24-இல் 22 பங்கு, அதாவது 22 காரட். எஞ்சிய பங்கில் செம்பும் வெள்ளியும் சேர்வது வழக்கம். கலப்பு என்றால் ஏமாற்று என்று எண்ணும் மாணவன், தூய பொன் மென்மையானது, வளையல் நெளிந்துவிடும், பிற அணுக்கள் இடையே புகுந்து அடுக்குகள் வழுக்குவதைத் தடுப்பதாலேயே நகை நிற்கிறது என்று அறியும்போது, அவன் கருத்து மாறுகிறது.

பாத்திரக் கடையில் ‘எவர்சில்வர்’ என்கின்றனர். அதில் வெள்ளி ஓர் அணுவும் சேர்க்கப்படுவதில்லை. இரும்போடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு மேல் குரோமியம் சேர்ந்த எஃகு அது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாகிப் பாத்திரத்தைக் காக்கிறது; கீறல் விழுந்தால் படலம் தானே மீண்டும் உண்டாகிறது. ‘தானே ஆறும் பொருள்’ என்று வருங்காலத்தைப் பற்றிப் பேசும் பாடம், சோறுண்ணும் தட்டிலேயே அதன் எளிய வடிவம் இருப்பதைக் காட்டலாம். ஒரு காந்தத்தை எடுத்துச் சென்று பாத்திரங்களில் ஒட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிலவற்றில் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. இரண்டும் எவர்சில்வரே. நிக்கல் போன்றவை சேர்வதால் அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறுபடுவதே காரணம். தவமும் வதமும் மீண்டும் வந்து நிற்கக் காணலாம்.

அங்கிருந்து வீட்டுக் குழாய்க்குச் செல்லலாம். 2003 முதல் சிங்கப்பூரில் வழங்கும் நியூவாட்டர், பயன்படுத்திய நீரை மிக நுண்ணிய ஊடுபடலங்களின் வழியே அழுத்திச் செலுத்தித் தூய்மையாக்கப்படுவது. நீரை விட்டு உப்பைத் தடுக்கும் அப்படலமும் பலபடியே. ரப்பரின் தூரத்து உறவு. ஆறும் மலையும் அருகிய ஒரு தீவு தாகம் தீர்த்துக்கொள்ள ஒரு பொருளின் அமைப்பை நம்பியிருக்கிறது என்று உணர்ந்த மாணவனுக்கு, 1997-இல் இங்கே பொருளாய்வு, பொறியியல் கழகம் ஒன்று நிறுவப்பட்டது ஏன் என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

தமிழில் ஏன்?

‘அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் நாட்டில் தமிழாசிரியருக்கு இவ்வேலை எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. தமிழ்ப் பாடவேளை குறைவு. தேர்வுச் சுமை மிகுதி. பலருடைய வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டது. தமிழாசிரியர் அறிவியலாசிரியரின் வேலையைச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கலாகாது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் அறிவியலைத் தமிழிலேயே கற்ற காலம் ஒன்று இருந்தது. 1946-இல் தோன்றி, 1960-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்த உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பெற்றது. 1987-இல் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்ட ஒரே முறைக்குள் வந்தன. அக்காலம் திரும்பாது, திரும்ப வேண்டும் என்பதும் இங்கே வாதமன்று. உமறுப்புலவரின் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் இன்று இருப்பதும், அங்கே மாணவர் தமிழை ஒரு பாடமாகக் கற்பதுமே நிகழ்கால உண்மை. அந்நிலையில் தமிழ் எதைப் பேசும் மொழியாக மாணவன் உள்ளத்தில் தங்கும்? பொங்கலையும் தீபாவளியையும் மட்டும் பேசும் மொழியாகத் தங்கினால், வளர்ந்தபின் அவன் ஆண்டுக்கு இருமுறையே தமிழ் பேசுவான். கையிலுள்ள பொருளைக் காட்டி, ‘இஃது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று தமிழில் கேட்கப் பழகியவன், எந்நாளும் பேசக் கூடும். விடையின் ஒரு பகுதியை அவன் ஆங்கிலத்தில் அறிந்திருந்தாலும் குற்றமில்லை. வினா தமிழில் பிறந்தால் போதும்.

ஆசிரியப் பயிற்சியில் இதற்கு இடம் வேண்டும். தமிழாசிரியருக்கு வேதியியல் முழுவதும் தேவையில்லை. அமைப்பு, ஆக்கம், பண்பு, பயன், விலை என்னும் ஐந்து வினாக்களும், அவற்றைப் பிழையின்றிக் கேட்கும் சொற்களும், ஐயம் வந்தால் அதே பள்ளியின் அறிவியலாசிரியரிடம் சென்று கேட்கும் தயக்கமின்மையும் போதும். பாடநூல் எழுதுவோர், தாம் எழுதும் ஒவ்வோர் ‘இத்தனை மடங்கு’ என்னும் எண்ணுக்கும், எதனோடு ஒப்பிட்டு, எந்த அளவில், எந்நிலையில் என்று தம்மையே கேட்டுக்கொண்டபின் எழுத வேண்டும்.

கட்டாப்பெர்ச்சா புகழ்பெற்றபோது, அதன் பண்புகளைப் பட்டியலிட்டோர் பலர். இம்மரம் எத்தனை ஆண்டுக்கு வரும் என்று காலத்தே கேட்டோர் சிலர். கிராஃபீனுக்கும், இனி வரப்போகும் பெயர் தெரியாத பொருள்களுக்கும் அவ்வினாவைக் கேட்க வேண்டியவர் இன்று தொடக்கப்பள்ளியில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒரு சிலரேனும் அதனைத் தமிழில் கேட்குமாறு செய்வது தமிழாசிரியரின் கையில் இருக்கிறது.